விளிச்சொல்லில் ஒரு வீடு: 'மெய்யழகன்' திரைப்படமும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

சி. பிரேம்குமார் எழுதி இயக்கி 2024 செப்டம்பரில் வெளிவந்த 'மெய்யழகன்', பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மனோர்க்கு நெருக்கமான படமாக அமைந்தது. அதன் உருக்கத்திற்குக் கோவிந்த் வசந்தாவின் இசையும் காவிரிப் படுகையின் இரவுக் காட்சிகளும் காரணம் எனலாம். ஆயினும் அவை துணைக் காரணங்களே. இப்படத்தில் வீட்டுணர்வைத் தாங்கி நிற்பது ஓர் உறவுமுறைச் சொல் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. பெயரும் விளியும்

சொத்துத் தகராற்றில் பரம்பரை வீட்டை இழந்த அருள்மொழியின் குடும்பம் 1996இல் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் பெயர்கிறது. 22 ஆண்டுகளுக்குப் பின், தங்கை முறையான புவனாவின் திருமணத்திற்காக நீடாமங்கலம் வரும் அருள்மொழி (அரவிந்த் சுவாமி), அன்றிரவே திரும்பிவிட எண்ணுகிறான். அங்கு ஓர் உறவினன் (கார்த்தி) அவனை 'அத்தான்' என அழைத்து ஒட்டிக்கொள்கிறான். அவனுக்கு அருள்மொழியின் இளமைக்காலம் நன்கு தெரியும். அருள்மொழிக்கோ அவன் பெயர்கூட நினைவில்லை.

பெயர் ஒருவனைப் பிறரினின்று பிரித்துக் காட்டும். உறவுச்சொல் ஒருவனை மற்றொருவனோடு பிணைக்கும். 'அத்தான்' என்பது அத்தை மகனையோ மாமன் மகனையோ அக்காள் கணவனையோ குறிக்கலாம். எவ்வாறாயினும், அழைப்பவனையும் அழைக்கப்படுபவனையும் உள்ளடக்கிய ஒரு குடும்ப வரைபடம் முன்னரே உள்ளது என்பதை அது உணர்த்தும். வீடு கைவிட்டுப் போனாலும் அவ்வரைபடத்தில் தன் இடம் போகவில்லை என்பதை அருள்மொழி அச்சொல் வழியே அறிகிறான்.

அதற்கு ஈடாக அவனால் எதையும் தர இயலவில்லை. தமிழில் வினைமுற்று விகுதியே மதிப்பையும் அணுக்கத்தையும் காட்டிவிடுவதால், பெயர் சொல்லாமலேயே ஓர் இரவு முழுதும் பேசிவிட முடிகிறது. மொழி தரும் இவ்வசதியே அவனது குற்றவுணர்வை வளர்க்கிறது. தான் விட்டுச்சென்ற மிதிவண்டி அக்குடும்பத்திற்கு எத்துணை உதவிற்று என்பதை அறிந்தபின் அது தாங்க முடியாததாகிறது, சொல்லிக்கொள்ளாமலே வெளியேறுகிறான்.

3. மொழிபெயர்ப்புச் சிக்கல்

தெலுங்கில் 'பாவ' என்னும் சொல் 'அத்தான்' என்பதன் இடத்தை ஏறத்தாழ நிரப்பவல்லது. இரு மொழிகளின் உறவுமுறை அமைப்பும் ஒத்திருப்பதே காரணம். ஆங்கிலத்தில் இச்சொல்லைக் 'கசின்' என்றால் முறை மறைகிறது. 'பிரதர்-இன்-லா' என்றால் திருமண வழி உறவு மட்டுமே எஞ்சுகிறது. 'அருள்' எனப் பெயராக மாற்றினால் ஒருவனிடம் விளி உண்டு, மற்றவனிடம் இல்லை என்னும் படத்தின் அடிப்படை ஏற்றத்தாழ்வே அழிந்துவிடுகிறது. எனவே துணையுரையில் 'அத்தான்' என்பதை ஒலிபெயர்த்து அப்படியே விடுவதே தக்கது. சில காட்சிகளுக்குள் அயல்மொழிப் பார்வையாளர் அதன் பொருளைச் சூழலால் உணர்வர்.

தலைப்பின் நிலையும் எண்ணத்தக்கது. தெலுங்கு வடிவம் 'சத்யம் சுந்தரம்' எனப்பட்டது. மெய், அழகு என்னும் இரு கூறுகளும் பொருளளவில் காக்கப்பட்டுள்ளன. ஆனால் 'மெய்' என்பதற்கு உண்மை, உடல் என இரு பொருள்கள் உண்டு. தெலுங்கில் முன்னது மட்டுமே நின்றது.

4. குறைகள்

வெளியான சில நாள்களில் படத்தில் சுமார் 18 நிமிடக் காட்சிகள் குறைக்கப்பட்டன. அதற்கு முன்னரும் பின்னரும் படத்தின் தளர்ச்சி ஓரிடத்தில்தான் உள்ளது: ஒரு விளிச்சொல் உணர்த்திவிட்டதை நீண்ட உரைகள் மீண்டும் விளக்குமிடங்கள். அதனினும் பெரிய குறை வேறு. வீட்டைப் பறித்ததும் உறவே, ஆற்றுவதும் உறவே. இம்முரண்பாட்டைத் தொடக்கத்தில் எழுப்பிய படம், பின்னர் அதனை எதிர்கொள்ளவில்லை. அன்பு காட்டும் உறவினனை முன்னிறுத்திப் பறித்த உறவினரை மறக்கச் செய்கிறது.

5. முடிவுரை

எனினும், மறந்த பெயரை இறுதியில் அருள்மொழி அடையும்போது பார்வையாளர் நெகிழ்வது, வீடு மீண்டதனால் அன்று; அது மீளவே இல்லை. தன்னை அழைத்தவனைத் தானும் அழைக்கும் தகுதி அவனுக்குக் கிட்டியதனாலேயே. அத்தகுதியின் அருமை, முதலிலிருந்தே 'அத்தான்' என்னும் சொல் செவியில் ஒலித்தவர்க்கே முழுமையாக விளங்கும். மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டிய சொல் அதுவே.