காதல் புதினமும் இல்லத் திருச்சபையும்

காதல் புதினங்களைக் கண்டித்து மறையுரை மேடையிலிருந்து நாம் பேசியதுண்டு. அவை காலத்தைத் தின்பவை, இல்லாத வாழ்வைக் காட்டி இருக்கும் வாழ்வைக் கசப்பாக்குபவை என்றெல்லாம் சொன்னதுண்டு. அப்படியொரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கோவில் வாசலில் காத்திருந்து, "சாமி, அந்தப் புத்தகத்துல ஒண்ணையாவது நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, பணிவே இருந்தது. இல்லை என்பதே நம் பதில். மறு ஞாயிறு, வெளிநாட்டில் பணிபுரியும் தம் மகள் விட்டுச் சென்ற ஒரு புத்தகத்தை அவர் நம் கையில் கொடுத்தார். படிக்காமலே தீர்ப்பிட்டோம் என்ற வெட்கத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

அப்புத்தகம் அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸ் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட 'த நெக்ஸ்ட் ஆல்வேஸ்' என்னும் புதினம். மூன்று பகுதிகள் கொண்ட வரிசையில் இது முதலாவது. மற்ற இரண்டும் 2012-இல் வெளிவந்தன. இவ்வரிசையைப் புரிந்துகொள்ள ஆசிரியரின் வாழ்வைச் சற்று அறிவது தேவை. ஏனெனில் இங்கே எழுத்தும் இல்லமும் வணிகமும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாய்ப் பின்னிக் கிடக்கின்றன.

நோரா ராபர்ட்ஸ் 1950-இல் மேரிலாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றவர். எழுத்துக்கு வேண்டிய ஒழுங்கைத் தமக்குக் கற்பித்தவர்கள் அங்கிருந்த அருள்சகோதரிகளே என்று அவர் நன்றியோடு குறிப்பிட்டதுண்டு. பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1968-இல், அவருக்குத் திருமணமாயிற்று. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. 1979 பிப்ரவரியில் பெரும் பனிப்புயல் வீசியது. மழலையர் பள்ளி மூடப்பட்டது. சிறுவர் இருவரோடு வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்நாட்களில்தான் அவர் குறிப்பேடு ஒன்றை எடுத்து முதன்முதலாகக் கதை எழுதத் தொடங்கினார். அவரது முதற்புதினம் 1981-இல் அச்சேறியது. பின்னர் எழுதியவை இருநூறுக்கும் மேல். முதல் திருமணம் மணமுறிவில் முடிந்தது. வீட்டில் புத்தக அலமாரி செய்ய வந்த தச்சரை அவர் 1985-இல் மணந்தார். ஒருவரின் மனச்சான்றுக்குள் புகுந்து தீர்ப்பிடுவது நம் பணியன்று. ஆகவே இங்குப் புதினத்தை மட்டுமே எடைபோடுகிறோம்.

பனிப்புயலில் அடைபட்ட தாய், அலமாரி செய்ய வந்த தச்சர் ஆகிய இவ்விரு நிகழ்ச்சிகளும் அவரைப் பற்றிய அறிமுகங்களிலும் நேர்காணல்களிலும் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றன. ஏன்? அவற்றில் அரண்மனை இல்லை. விடுமுறை விட்ட பள்ளியும் சிணுங்கும் குழந்தையும் மரத்தூளும் இருக்கின்றன. படிக்கும் பெண் தன் சமையலறையையே அங்கே காண்கிறாள். அன்றாடக் குடும்ப வாழ்வே நூலுக்குச் சிறந்த விளம்பரமாகிவிடுகிறது.

இது அறிமுகத்தோடு நிற்கவில்லை. மேரிலாண்டில் சில ஆயிரம் மக்களே வாழும் பூன்ஸ்பரோ என்னும் சிற்றூரில், அவரது கணவர் 1995-இல் 'டர்ன் த பேஜ்' என்ற புத்தகக் கடையைத் தொடங்கினார். ஆசிரியர் அங்கே அமர்ந்து நூல்களில் கையெழுத்திடும் நாட்களில், தொலைதூரத்திலிருந்தும் வாசகர்கள் வந்து வரிசையில் நின்றனர். அவ்வூரின் பழைய தங்கும் விடுதியொன்றை ஆசிரியர் வாங்கிச் செப்பனிட்டபோது, 2008 பிப்ரவரியில் அது தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுப்பப்பட்டு 2009-இல் 'இன் பூன்ஸ்பரோ' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதன் அறைகளுக்கு இலக்கியக் காதலர் இணைகளின் பெயர்கள் சூட்டப்பட்டன: எலிசபெத்தும் டார்சியும், ஜேனும் ரோச்செஸ்டரும், டைட்டானியாவும் ஓபரானும். ஆசிரியரின் சொந்தப் படைப்பான ஈவும் ரோர்க்கும் அவ்வரிசையில் இடம்பெற்றனர். ஒரேயொரு விதி: மகிழ்வான முடிவு கண்ட இணைகளுக்கு மட்டுமே அங்கே அறை உண்டு. ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் இடமில்லை.

'த நெக்ஸ்ட் ஆல்வேஸ்' இந்த விடுதியைப் பற்றிய கதையே. மான்ட்கோமரி குடும்பத்துச் சகோதரர் மூவரும் அவர்களுடைய கைம்பெண் தாயும் பூன்ஸ்பரோவில் ஒரு பழைய விடுதியைப் புதுப்பிக்கின்றனர். சகோதரருள் ஒருவனான பெக்கெட் கட்டிடக் கலைஞன். எதிரே புத்தகக் கடை நடத்தும் கிளேரை அவன் பள்ளிப் பருவம் முதல் நேசிக்கிறான். கிளேரோ ஈராக் போரில் கணவனை இழந்தவள். மூன்று சிறுவர்களின் தாய். அவளது கடையின் பெயரும் 'டர்ன் த பேஜ்' தான். கதையில் வரும் கடைக்கும் விடுதிக்கும் வாசகர் நேரில் சென்று வரலாம் என்றிருந்தது. புதினம் விடுதிக்கு விளம்பரமாயிற்று. விடுதி புதினத்திற்கு விளம்பரமாயிற்று.

முதலில் நல்லதைச் சொல்வதே நீதி. கிளேரின் வீட்டுக் காட்சிகள் உயிருள்ளவை. மூன்று பையன்களின் சண்டைகளும் முடிவில்லாக் கேள்விகளும் உறங்க மறுக்கும் இரவுகளும், குழந்தை வளர்த்தவர் மட்டுமே எழுதக்கூடியவை. நாயகன் ஒரு பெண்ணை மணப்பதோடு அவன் கடமை முடிவதில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் வேண்டியிருக்கிறது. அன்பு என்பது பார்வையில் பிறந்தாலும் பணிவிடையிலேயே நிலைக்கும் என்பதை இப்பக்கங்கள் உணர்த்துகின்றன. மேலும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதை இப்புதினம் இயல்பான நற்செயலாகக் காட்டுகிறது. கணவன் இறந்தபின் பெண் ஆண்டவரில் மறுமணம் செய்ய உரிமை உடையவள் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் கிறிஸ்தவப் பெயர் தாங்கும் நம் குடும்பங்களில் எத்தனை இளம் கைம்பெண்கள் இன்றும் நல்ல காரியங்களில் பின்வரிசையில் நிற்கிறார்கள்! இவ்விடயத்தில் ஒரு காதல் புதினம் நம்மை நாணச் செய்கிறது.

நமக்கு உடன்பாடில்லாததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருமணத்திற்கு முன் உடலுறவை இப்புதினம் கேள்வியின்றி ஏற்கிறது. அதை விரித்தும் எழுதுகிறது. வளரும் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்க நூலன்று. ஆயினும் அதைச் சொல்லிவிட்டு நூலை மூடிவைத்தால், அதன் ஆழமான குறையை நாம் காணத் தவறிவிடுவோம்.

அக்குறை யாதெனில், இங்கே இல்லம் கடையின் காட்சிப் பேழைக்குள் வைக்கப்பட்டுள்ளது என்பதே. விடுதியின் ஓடுகளும் விளக்குகளும் குளியலறைகளும் ஒவ்வோர் அறைக்குரிய நறுமணமும் பக்கம் பக்கமாக வருணிக்கப்படுகின்றன. அவை வாடகைக்கு உரியவை. ஆகவே அவற்றில் குறை இருக்க இயலாது. வாடகைக்கு விடப்படும் அறையில் கூரை ஒழுகுகிறது என்று எந்த உரிமையாளர் எழுதுவார்? இந்த விதி அறையோடு நில்லாமல் மனிதர்மீதும் படர்ந்துவிடுகிறது. சகோதரர் மூவர் கூட்டாகத் தொழில் செய்கின்றனர். பணத்தின் பொருட்டு அவர்களிடையே மனமுறிவு இல்லை. மகன்கள் வளர்ந்தபின்னும் தாயின் சொல்லே இறுதிச் சொல். அதனால் புண்பட்டவர் எவருமில்லை. தீமை ஒன்று வருகிறது. கிளேரைத் தொல்லைப்படுத்தும் ஒருவனின் உருவில் வெளியிலிருந்து வருகிறது. வீட்டுக்குள்ளிருந்து, அன்பு செய்வோரின் உள்ளத்திலிருந்தே தீமை எழும் என்பதை இப்புதினம் காண விரும்பவில்லை. விளம்பரம் உண்மைக்குப் பகையன்று. ஆனால் உண்மையின் ஒரு பாதியை மட்டுமே அது தாங்கும்.

ஆசிரியர் தம்மை அறியாமலே இக்குறையைத் தாமே வெளிப்படுத்தியுள்ளார் என்று நமக்குத் தோன்றுகிறது. விடுதியில் ஓர் ஆவி உலவுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலத்தில், தன் காதலனுக்காகக் காத்திருந்து இறந்த இளம்பெண் அவள். பூன்ஸ்பரோவுக்கு அருகில் உள்ளது ஆன்டீட்டம் போர்க்களம். 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போன மண் அது. மகிழ்வான முடிவு கண்டோருக்கு மட்டுமே இடம் என்று விதி வகுத்த விடுதியில், முடிவு காணாத ஒருத்தி இரவும் பகலும் நடமாடுகிறாள்! மூன்று புதினங்களிலும் மிகவும் உண்மையான பாத்திரம் அவளே. அழைக்கப்படாதவர்கள் அழைக்கப்பட்டோரின் அறைகளில் உலவுவார்கள் என்பது இலக்கியத்திலும் உண்மை, திருச்சபையிலும் உண்மை.

மகிழ்வான முடிவையே நாம் குறை சொல்லவில்லை. ரூத்து நூலும் மகிழ்வாகவே முடிகிறது. அங்கும் ஓர் இளம் கைம்பெண். அங்கும் ஒரு மறுமணம். ஆனால் அந்நூல் பஞ்சத்தில் தொடங்குகிறது. மூன்று கைம்பெண்கள் ஒரே வீட்டில் அழுகின்றனர். நகோமி தன் கசப்பை ஊரார்முன் மறைக்காமல் சொல்கிறாள். பிறர் வயலில் கதிர் பொறுக்கிய பின்னரே ரூத்து போவாசின் மனைவியாகிறாள். தோபித்து நூலில் சாராவின் மணவறையில் ஏழு கணவர்கள் மாண்ட துயரம் நிற்கிறது. அதை மறைக்காமலே தோபியாவும் அவளும் அம்மணவறையில் இறைவனை வேண்டுகின்றனர். உயிர்த்த ஆண்டவரே தம் கைகளின் காயங்களைத் துடைத்தெறிந்துவிட்டு வரவில்லை. கிறிஸ்தவ மகிழ்வு காயத்தோடு வரும் மகிழ்வு. காயத்தை மறைத்தால்தான் விற்பனையாகும் மகிழ்வு வேறொன்று.

இங்கே வாசகர்கள் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். காட்சிப் பேழை மேரிலாண்டில் மட்டுமா உள்ளது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. நோரா ராபர்ட்சின் முதற்புதினம் வெளிவந்த அதே 1981-இல், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குடும்பம் பற்றிய தம் திருத்தூது ஊக்கவுரையை வெளியிட்டார். திருமணத்திற்கு முந்திய தயாரிப்பை மட்டுமன்றி, திருமணத்திற்குப் பிந்திய அருள்பணியையும், இடர்ப்பாட்டில் உள்ள குடும்பங்கள்பால் காட்ட வேண்டிய பரிவையும் அது வற்புறுத்துகிறது. நாம் செய்தது என்ன? சில நாள் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடத்துகிறோம். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். மாலையும் மோதிரமும் மந்திரிக்கிறோம். பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம். காதல் புதினம் எந்தப் பக்கத்தில் முடிகிறதோ, அதே பக்கத்தில் நம் அருள்பணியும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

திருக்குடும்பத் திருவிழாவன்று நாம் கொண்டாடுவது எவரை? ஐம்பது ஆண்டு கண்ட தம்பதியரைப் பீடத்தருகே அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அது தகும். ஆனால் கணவனால் கைவிடப்பட்ட பெண் அந்த ஞாயிறு திருப்பலிக்கு வராமலே இருந்துவிடுகிறார். குழந்தைப் பேறற்றவர்கள் தூணுக்குப் பின்னே அமர்கிறார்கள். மகனோடு பேசாத தந்தை விருந்துக்கு நிற்காமல் நடையைக் கட்டுகிறார். மகிழ்வான முடிவு கண்டோருக்கு மட்டும் அறை கொடுக்கும் விடுதியாக நம் பங்கும் ஆகிவிட்டதோ என்று இந்தப் புதினத்தைப் படித்த இரவில் நாம் அஞ்சினோம். புத்தகம் விற்கவேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு உண்டு. நமக்கு அக்கட்டாயமும் இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "படிச்சேன் அம்மா" என்றோம். அவர் சிரித்தார். பிள்ளைகள் உறங்கி, பாத்திரம் துலக்கி, கதவைத் தாழிட்டபின் கிடைக்கும் அரைமணி நேரத்தில்தான் தாம் படிப்பதாகச் சொன்னார். "அந்த வீட்டுல யாரும் யாரையும் அடிக்கிறதில்ல சாமி. அதுக்காகத்தான் படிக்கிறேன்" என்றார்.

பல ஆண்டுகளாக அவரை நமக்குத் தெரியும். அவர் வீட்டை மந்திரித்தவரும் நாமே. அந்த ஒரு வாக்கியத்தை நாம் கேட்க ஒரு காதல் புதினம் வேண்டியிருந்தது. இனி அத்தகைய நூல்களைப் பற்றி மேடையிலிருந்து பேசுமுன், அவற்றைப் படிப்பவர் எதிலிருந்து தப்பி அங்கே ஒதுங்குகிறார் என்று முதலில் கேட்போம். கேட்டபின் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்.