டேப்பின் மறுமுனை

லண்டனில் வேலை பார்க்கும் இளைஞர்கள் தனியாக எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்று மூட்டை கட்டும்போது துலூம் என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. கேட்விக்கில் விமானம் ஏறினால் பத்துப் பதினொரு மணி நேரத்தில் கன்கூன். அங்கிருந்து தெற்கே 130 கிலோமீட்டர் போனால், பாறை உச்சியில் சாம்பல் நிறக் கற்கோயிலும் அதன் கீழே நீலக் கடலுமாக மெக்சிகோவின் அந்தச் சிற்றூர். பயண முகவர்களின் சுவரொட்டிகளில் அந்தக் கோயிலைப் பெரும்பாலும் கடற்பக்கத்திலிருந்தே காட்டுவார்கள்.

இந்த லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் 1799-இல் பிறந்தவர் ஃபிரெடரிக் கேதர்வுட். ஓல்டு ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் சார்லஸ் ஸ்கொயர் அவர் குடும்பம் வாழ்ந்த இடம். படிப்பால் கட்டடக் கலைஞர், பிழைப்பால் ஓவியர். 1842 மார்ச்சில் அவர் துலூமில் கரையிறங்கினார். உடன் வந்தவர்கள் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸும், பறவைகள்மீது பித்துக்கொண்ட பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் கேபட்டும். கூட்டாகப் போன பயணம்தான். ஆனால் மற்றவர்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டியவர் வரைகிறவர். எத்தனை பேர் சூழப் போனாலும் அவர் தனிப்பயணிதான்.

அந்தப் பயணத்தின் விளைவுகளில் ஒன்று, 1844-இல் லண்டனில் 300 படிகள் மட்டும் அச்சான பெரிய அளவுப் படத்தொகுதி. மத்திய அமெரிக்கா, சியாப்பாஸ், யுகடான் பகுதிகளின் பழங்கட்டடங்களைக் காட்டும் 25 கல்லச்சுப் படங்கள் அதில் உண்டு. முகப்புப் பக்கத்தை வண்ணத்தில் அமைத்தவர், பிற்பாடு அலங்கார வடிவங்களுக்கே இலக்கணம் எழுதிப் புகழ்பெற்ற ஓவன் ஜோன்ஸ். முகப்பின் பகட்டைக் கடந்து, தொகுதியின் கடைசிப் பகுதியிலுள்ள துலூம் படங்களுக்கு நேராகப் போய்விடுவது என் வழக்கம்.

ஒரு படத்தில் கோயில், அதைச் சுற்றிக் காடு. சுற்றி என்பதுகூடச் சரியில்லை. காடு கோயிலின் தோளிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கூரைமேல் மரங்கள், சுவரைக் கவ்விய வேர்கள். கீழே வெட்டரிவாளோடு ஆட்கள் செடிகொடிகளை அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கும் சிறு உருவங்கள். அவற்றில் ஒன்று கேதர்வுட்டேதான் என்று கருதப்படுகிறது. இந்த மனிதரின் உருவப்படம் என்று உறுதியாகச் சொல்ல வேறெதுவும் கிடைத்ததில்லை. நூற்றுக்கணக்கான சிலைமுகங்களை இமை, உதடு, காதணி வரைக்கும் பிசகாமல் எழுதியவர், தம் முகத்துக்கு ஒதுக்கியது நகக்கண் அளவு இடம்கூட இல்லை.

நான் சொக்கிப்போகும் இடம் இதுதான். படத்துக்குள் ஓவியன் தன்னை நுழைத்துக்கொள்வதில் புதுமை இல்லை. கையில் தூரிகையோடு நம்மைப் பார்த்தபடி நிற்பதுதான் ஐரோப்பிய ஓவியர்களின் வழக்கம். கேதர்வுட் கையில் பென்சில் இல்லை. நம்மை அவர் பார்ப்பதும் இல்லை. கட்டட மேஸ்திரி ஒருவன் சித்தாளைக் கூப்பிட்டு ‘அந்தப் பக்கம் டேப்பைப் பிடி’ என்று சொல்வானே, அப்படி ஒரு வேலையின் நடுவில் இருக்கிறார். அந்த உருவத்துக்குப் படத்தில் ஒரு பயனும் உண்டு. மனித உயரம் நமக்குத் தெரியும். அதை வைத்து வாசலின் உயரத்தைக் கணக்கிடுகிறோம். ஆக டேப்பால் அளக்கிறவரே நமக்கு அளவுகோலாகவும் நிற்கிறார். இதைவிடச் சிக்கனமான ஒரு தற்சித்திரத்தை நான் பார்த்ததில்லை.

மனிதர்களை அளவுகோலாக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. அதே தொகுதியில் போலோஞ்சென் என்ற ஊரின் நிலவறைக் கிணறு வருகிறது. பாதாளத்துக்குள் இறங்கும் ராட்சத மர ஏணியில் தண்ணீர்க் குடங்களோடு ஏறி இறங்கும் மனிதர்கள் எறும்புச் சாரியாகத் தெரிவார்கள். தொகுதியிலேயே பெயர்பெற்ற படம் அதுதான். நாடகத்தனம் அதில் கொஞ்சம் கூடுதல் என்று எனக்குப் படுகிறது. துலூமில் அந்த உரத்த குரல் இல்லை.

இனி மரங்கள். கேதர்வுட் வரைந்து கொண்டுவந்த நீர்வண்ணப் படங்களைக் கல்லில் ஏற்றியவர்கள் லண்டன் கைவினைஞர்கள்: ஆண்ட்ரூ பிக்கன், ஹென்றி வாரன், தாமஸ் ஷாட்டர் பாய்ஸ் முதலானோர். யுகடான் காட்டை அவர்கள் பார்த்ததில்லை. எண்ணெய்ப்பசையுள்ள கரிக்கோலால் சுண்ணாம்புக் கல்லின்மேல் வரைந்து, சாயல் வண்ணத்துக்குத் தனியாக இன்னொரு கல்லும் வைத்து ஒற்றி எடுக்கும் முறை. ஓக் மரத்தையும் எல்ம் மரத்தையும் வரைந்தே பழகிய கைகள் வெப்பநாட்டு இலைகளை எழுதும்போது வழுக்குவது இயல்பு. படத்தின் ஓரங்களில் சில கிளைகளைப் பார்க்கும்போது இவை கென்ட் பக்கத்து மரங்களோ என்ற ஐயம் வருகிறது. கட்டடத்துக்கு அருகே வந்ததும் அந்த ஐயம் போய்விடும். கல்லின் இடுக்கில் வேர் நுழையும் கோணம், பிளந்த சுவரில் விழும் நிழல் எல்லாம் நேரில் நின்று பார்த்தவனின் கணக்கு. பொறித்தவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று கேதர்வுட் எந்த இடங்களில் விட்டுக்கொடுத்தார், எங்கே மறுத்தார் என்பதைப் படத்திலேயே படிக்கலாம் என்பேன்.

இந்தப் பிடிவாதத்தின் அருமை, அவருக்கு முன்னால் போனவர்களைப் பார்த்தால் விளங்கும். பலேங்கே என்ற மாயா நகரத்தைப் பற்றி 1822-இல் லண்டனில் வெளியான அறிக்கைக்குப் படங்கள் செய்தவர் வால்டெக். பிறகு அவரே மெக்சிகோ போய்த் தங்கி வரைந்தார். அவர் படங்களில் மாயா எழுத்துக்களுக்கிடையே யானைத்தலைகள் முளைத்தன. அமெரிக்கக் கண்டத்தில் அன்று யானை ஏது? கீழைநாட்டார் யாரோ வந்து கட்டியிருக்க வேண்டும் என்ற நினைப்பு அவர் கண்ணுக்குள் இருந்தது; அது கைவழியே இறங்கிவிட்டது. மாயர்களும் நம்மவர்களே என்று கணபதி ஸ்தபதி தொடங்கிப் பலர் வாதிட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு அந்தத் துதிக்கையைப் பார்த்தால் மனம் குளிரத்தான் செய்யும். கேதர்வுட் படங்களில் தேடினால் அது கிடைக்காது.

எகிப்தில் பல காலம் வரைந்தவர் அவர். 1833-இல் எருசலேமில் பாறைக் குவிமாடப் பள்ளிக்குள் எகிப்திய அதிகாரி வேடத்தில் நுழைந்து வரைந்தவர். தெரிந்த சாயலை இங்கும் ஏற்றிவிடும் ஆசை அவருக்குத்தான் அதிகம் வந்திருக்க வேண்டும். கோபான் என்ற இடத்தில் முதல் நாள் அவருக்குக் கையே ஓடவில்லை. அந்தச் சிற்பங்களின் பின்னல் அவர் பழகிய எந்த மரபுக்கும் அடங்கவில்லை. சேற்றில் கால் புதைய, கொசுக்கடிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு அவர் வரைந்ததை ஸ்டீபன்ஸ் எழுதியிருக்கிறார். காமெரா லூசிடா என்ற கருவியின் உதவியோடுதான் வழிக்கு வந்தார். 1806-இல் லண்டனில் வுல்லாஸ்டன் காப்புரிமை பெற்ற கருவி அது. சிறு பட்டகம் ஒன்றின் வழியே பார்த்தால் எதிரிலுள்ள காட்சி தாளின்மேல் விழுந்தது போலத் தெரியும். அதன்மேல் கோடு ஓட்ட வேண்டும். கண் அசைந்தால் காட்சியும் அசைந்துவிடும். சோம்பேறிகளுக்கு உகந்த கருவி என்று நினைத்துவிடக் கூடாது.

துலூமின் பெரிய கோயிலான காஸ்தியோவுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. கடலோரத்தில் நின்றுகொண்டு கடலுக்கு முதுகு காட்டுகிறது. படிக்கட்டும், தூண்கள் தாங்கிய வாசலும், வாசலுக்கு மேலே மாடத்தில் தலைகீழாக இறங்கி வரும் தெய்வமும் நிலத்தைப் பார்த்தே இருக்கின்றன. முகப்பை வரைய நிற்பவனுக்குக் கடல் கட்டடத்தின் பின்னால் போய்விடும். 1518-இல் ஸ்பானியக் கப்பல்கள் இந்தக் கரையோரமாகப் போனபோது செவில் நகரத்தோடு ஒப்பிடும்படியான பெரிய ஊர் ஒன்றைக் கண்டதாக அவர்களோடு வந்த பாதிரியார் எழுதி வைத்தார்; அது துலூமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கடலிலிருந்து பார்த்த அந்த வியப்புக்கு மறுபக்கம் கேதர்வுட் காட்டுவது. இன்றைய சுவரொட்டிக்காரர்கள் நிற்பது அந்தக் கப்பல்காரர்கள் பக்கம்தான்.

நமக்கு இந்த வகைப் படம் புதிதல்ல. தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களை வரைந்து லண்டனில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் அழகுதான். ஆனால் டேனியல்களின் ஆட்கள் பெரும்பாலும் காட்சிக்கு அலங்காரமாக ஓய்வாக நிற்பவர்கள். கேதர்வுட்டின் ஆட்களுக்கு வேலை இருக்கிறது.

துலூமுக்குப் பிந்தைய அவர் வாழ்க்கையை வேகமாகவே சொல்லிவிடலாம். 1842 ஜூலையில் நியூயார்க்கில் அவருடைய சுற்றுக்காட்சிக் கூடம் தீப்பிடித்து மூலப்படங்கள் பலவும் சேகரித்த பொருள்களும் சாம்பலாயின. ஓவியத்தை விட்டுவிட்டு பிரிட்டிஷ் கயானாவின் தெமராராவில் ரயில்பாதை போடும் பொறியாளராகப் போனார். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலில் போய் அங்கே இறங்கிய அதே ஆண்டுகள் அவை. 1854 செப்டம்பரில் ஆர்க்டிக் என்ற நீராவிக் கப்பல் நியூஃபவுண்ட்லாந்து அருகே மோதி மூழ்கியபோது அதில் இருந்தார். பத்திரிகைகள் வெளியிட்ட பட்டியல்களில் அவர் பெயர் தாமதமாகவே இடம்பெற்றதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

துலூமிலிருந்து அவர்களைக் கிளப்பியது கொசு. இடிபாடுகளுக்குள்ளேயே தங்கியவர்களை இரவில் மொய்த்துத் துரத்திவிட்டன. ஸ்டீபன்ஸ் அதை மறைக்காமல் எழுதினார். படத்தில் அந்த அவசரத்தின் தடயம் ஏதுமில்லை. இன்னும் ஒரு வாரம் தங்கப்போகிறவர்கள் போல நிதானமாக டேப் பிடிக்கிறார்கள்.

அந்த 300 படிகளில் சிலவற்றுக்குக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஏலக்கூடங்களில் அதிக விலை போவது அவைதான். எனக்கென்னவோ சாயல் வண்ணம் மட்டும் கொண்ட எளிய படியே பிடித்திருக்கிறது. வண்ணமிட்டவற்றில் பச்சை முந்திக்கொள்கிறது. கண் இலைகளில் சிக்கிக்கொண்டு டேப்புக்கு வந்துசேர நேரமாகிறது.