குமிழியைப் பார்த்து இறக்கும் பாகு

கோயம்புத்தூரின் பெரிய கடைகளில் இப்போது ஆலிவ் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே பால்சமிக் கிளேஸ் என்ற வினிகர்ப் பாகு பாட்டிலும் நிற்கிறது. வாங்கும் முன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். பலவற்றில் ஸ்டார்ச் இருக்கும். அந்தக் கெட்டி மாவு தந்தது, அடுப்பு தந்ததல்ல. நாக்கில் வழவழப்புதான் முதலில் படும். பழம் பின்னாலும் வராது.

பால்சமிக் வினிகரின் தாய்வீடு இத்தாலியின் மோதெனாவும் ரெஜ்ஜோ எமிலியாவும். திராட்சைச் சாற்றைத் திறந்த பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி, வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் மரப் பீப்பாய்களில் ஊற்றி வைப்பார்கள். ஆகச் சிறியதிலிருந்து ஆண்டுக்குக் கொஞ்சம் எடுத்து, குறைந்ததை முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். 12 ஆண்டாவது ஊறாமல் 'பாரம்பரிய' பால்சமிக் என்று விற்க முடியாது. பெண் குழந்தை பிறந்ததும் ஒரு பீப்பாய் வரிசை தொடங்கி, கல்யாணத்தில் சீதனமாகத் தரும் வழக்கமும் அங்கே உண்டு. 100 மில்லி குப்பியில் வரும் அந்த அமுதை அடுப்பேற்றுவது பாவம். வீட்டிலேயே பாகு காய்ச்ச நமக்கு வேண்டியது, 60 நாள் ஊறினாலே போதும் என்ற விதிக்குள் வரும் சாதாரண மோதெனா வினிகர்.

அரை லிட்டரை அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிச் சிறுதீயில் வையுங்கள். அலுமினியம் ஆகாது, ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது. ஜன்னலைத் திறந்துவிடுங்கள், ஆவி கண்ணைக் கரிக்கும். தண்ணீரோடு புளிப்பின் ஒரு பங்கும் ஆவியாகப் போய்விட, பழத்தின் சர்க்கரை தங்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்போது கவனம் வேண்டும்.

இந்தக் கவனம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை அனுப்பும் கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைகளில், கரும்புச் சக்கை எரிய, கொப்பரையில் சாறு கொதிக்கும். அழுக்கை அள்ளிக்கொண்டே நிற்பவர் தெர்மாமீட்டரைத் தேடுவதில்லை. குமிழியைப் பார்த்தே இறக்கச் சொல்வார். வினிகரும் அப்படித்தான். முதலில் பொடிக் குமிழிகள் சலசலக்கும். பிறகு அவை பெருத்து, பளபளத்து, சோம்பலாக உடையும். அப்போதே இறக்கிவிட வேண்டும், ஆறும்போது இன்னும் இறுகும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடிழுத்தால் கோடு மூடக் கூடாது. முற்றிவிட்டால் கசப்பேறும், அதற்கு மாற்று இல்லை. இந்தக் கண் உள்ள ஊர்க்காரர்கள் மாவுப் பாகைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

வினிகர் விலை கையைக் கடித்தால் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பள்ளத்தாக்குப் பழம் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். ஒரு கிலோவை நசுக்கி வேகவைத்து, வடிகட்டிய சாற்றை நான்கில் ஒன்றாகச் சுண்டவைத்து, இறக்கும் முன் இரண்டு கரண்டி வினிகர் சேருங்கள். மோதெனாவின் ஆழம் இதில் வராது. ஆனால் அந்தப் பழத்துக்கே உரிய மணம் ஒன்று எழும்; அதற்காகவே இதைத்தான் அதிகம் காய்ச்சுகிறேன்.

சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் விட்டுப் பாருங்கள். தணலில் வாட்டிய கத்திரிக்காய், வறுத்த பனீர், அரிந்த தக்காளி எல்லாமே இதை ஏற்கும். பள்ளிபாளையம் சிக்கன் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் தமக்குள்ளேயே காரத்தையும் இனிப்பையும் சரிக்கட்டிக்கொண்ட கறி அது.