லெஸ் பாலும் மார்ஷலும்: ஒரு நாதப் பொருத்தத்தின் அலசல்

1966-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லண்டன் டெக்கா கம்பெனி வெளியிட்ட ‘புளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்’ என்னும் இசைத்தட்டை, எலெக்ட்ரிக் கிட்டாரின் நாதத்தைப் பற்றி விவாதிக்க வருகிற எவரும் முதலில் ஒரு முறை முழுமையாகக் கேட்டுவிட்டு வருவது நலம். ஜான் மேயாலின் குழுவில் அப்பொழுது இருபத்தொரு வயது இளைஞராக இருந்த கிளாப்டன், கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் வால்வு ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து அதில் எழுப்பிய ஒலி, பின்னால் வந்த எத்தனையோ வாத்தியக்காரர்களுக்கு உரைகல்லாக அமைந்துவிட்டது. அந்த வெற்றியில் விரல்களுக்கு உரிய பங்கை ஒருவரும் குறைத்துவிட முடியாது. ஆயினும் அவ்விரல்களின் திறமை முழுவதும் வெளிப்படுவதற்கு இடம் கொடுத்தது அவ்விரு கருவிகளின் பரஸ்பரப் பொருத்தமே என்பதும், எந்த உயர்ந்த கிட்டாரும் தனக்கு இசையாத ஆம்ப்ளிஃபயரின் முன்னால் பாதி வாத்தியமாகவே நின்றுவிடும் என்பதும் என் முடிவான அபிப்பிராயம்.

முதலில் கிட்டாரைப் பார்ப்போம். மஹோகனிக் கட்டையின் மேல் மேப்பிள் பலகை போர்த்திய கனமான உடலும், சேத் லவர் என்னும் கிப்ஸன் எஞ்சினியர் 1955-இல் வகுத்த ‘ஹம்பக்கர்’ பிக்கப்பும் அதன் பிரதான லட்சணங்கள். ஒற்றைக் கம்பிச்சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு அறையிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும் என்பதால், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த இரைச்சலைத் தமக்குள்ளேயே அழித்துக்கொள்ளும்படி செய்ததுதான் லவரின் உபாயம். அவர் தேடியது நிசப்தம். அதோடு கூடவே வந்து சேர்ந்தது வலிமை. இரட்டைச் சுருளிலிருந்து புறப்படும் மின்சாரம் மிகுதியாக இருந்ததோடு, உச்சஸ்தாயியின் கூர்மை சற்றே மழுங்கி, நடுஸ்தாயி தடித்து ஒலித்தது. இத்தகைய கிட்டாரை அக்காலத்து அமெரிக்கர்கள் போதிய அளவு வாங்கவில்லை என்பதும், 1960-களின் தொடக்கத்தில் கிப்ஸன் அந்த வடிவத்தையே கைவிட்டு 1968-இல்தான் மீண்டும் செய்யத் தொடங்கியது என்பதும் இன்று நினைத்தாலும் வியப்பைத் தருகின்றன. கிளாப்டன் அதைத் தேடிப் போனதற்குக் காரணம், அவர் பெரிதும் மதித்த ஃப்ரெடி கிங் ஓர் இசைத்தட்டின் அட்டைப்படத்தில் லெஸ் பால் கிட்டாரோடு காட்சியளித்ததுதான்.

ஆம்ப்ளிஃபயரின் வரலாறு இன்னும் சுவையானது. மேற்கு லண்டனில் ஹான்வெல் என்னும் பகுதியில் டிரம் வாத்தியங்கள் விற்றுவந்த ஜிம் மார்ஷல், அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி பாஸ் கிட்டாருக்கென்று செய்த ‘பாஸ்மேன்’ என்னும் ஒலிபெருக்கியின் மின்சுற்றை முன்மாதிரியாகக் கொண்டு, 1962-இல் தம் கடையிலேயே ஜே.டி.எம்.45 என்பதை உருவாக்கச் செய்தார். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், டிரான்ஸ்ஃபார்மர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்தவை, ஸ்பீக்கர்கள் செலஸ்டியன் கம்பெனியின் பன்னிரண்டு அங்குல ரகத்தைச் சேர்ந்தவை, முதல் கட்டத்து வால்வோ அசலில் இருந்ததைவிட மிகுதியாகப் பெருக்கிக் கொடுப்பது. இச்சிறு மாறுதல்களால் ஃபெண்டரின் தெளிவு குறைந்து, அதற்குப் பதிலாக ஒரு முரட்டுக் கனிவு வந்து புகுந்தது. அதே சுற்றை இரண்டு ஸ்பீக்கர்களோடு ஒரே பெட்டியில் அடக்கிய கருவியைத்தான் கிளாப்டன் ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார்.

அங்கே நேர்ந்ததுதான் இக்கதையின் உயிர்நிலை. அந்நாளைய ஒலிப்பதிவு வழக்கம், ஆம்ப்ளிஃபயரை அடக்கமாக ஒலிக்கவிட்டு மைக்கை அதன் வாயருகே வைப்பதாகும். கிளாப்டனோ மேடையில் எவ்வளவு உரக்க வாசிப்பாரோ அவ்வளவு உரக்கவே இங்கும் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். தயாரிப்பாளர் மைக் வெர்னனும் பதிவாளர் கஸ் டட்ஜனும் அதற்கு இணங்கி, மைக்கைத் தள்ளி வைத்தே பதிவு செய்தார்கள். இதை இளமையின் அகங்காரம் என்று எண்ணிவிடலாகாது; வால்வின் சுபாவத்தைக் காதால் அறிந்த ஒருவரின் நிதானமான தீர்மானம் என்றே நான் கொள்கிறேன்.

வால்வின் அந்தச் சுபாவம் என்னவென்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தன் சக்திக்கு உட்பட்டுப் பணிபுரிகிற வரையில் வால்வு, தந்த ஒலியை உள்ளபடியே பெருக்கிக் கொடுக்கும். எல்லையை நெருங்கும்போதோ, அலையின் சிகரத்தைச் சட்டென்று வெட்டிவிடாமல் மெல்ல மெல்ல வளைத்து உருட்டுகிறது. அந்த உருட்டலில் மூலஸ்வரத்தோடு அதன் உபஸ்வரங்கள் பல புதிதாகப் பிறந்து சேருகின்றன. தம்புராவின் குதிரையில் ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் நகர்த்தியவுடன் ஒற்றைத் தந்தி விரிந்து மலர்வதைக் கேட்டவர்களுக்கு இந்த அனுபவத்தை மேலும் விளக்கவேண்டியதில்லை. அன்றியும், அந்நாளைய மார்ஷலில் மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்குவதற்கும் ஒரு வால்வே இருந்தது. ஸ்வரத்தை ஓங்கி மீட்டும் கணத்தில் மின்தேவை திடீரென்று உயர, அந்த வால்வின் வழியே வரும் மின்னழுத்தம் சற்றே தாழ்ந்து, ஸ்வரம் தேயத் தொடங்கும்போது மறுபடியும் நிமிரும். இதனால் மீட்டலின் முதல் அடி அமுங்கி, அதன் பின்வரும் கார்வை நீண்டு பெருகுவதுபோல் தோன்றுகிறது. கணக்குப்படி பார்த்தால் இது ஒரு குறைபாடு. சங்கீதத்துக்கோ இதைவிட அருமையான வரம் வேறொன்றில்லை.

இப்பொழுது அந்த இசைத்தட்டுக்குத் திரும்பினால், இவையெல்லாம் வாசிப்பில் எவ்வாறு பயன்பட்டன என்பது விளங்கும். ஃப்ரெடி கிங்கின் ‘ஹைட்அவே’ என்னும் வாத்திய உருப்படியில், கிளாப்டன் மெல்லத் தொட்ட இடங்களில் ஒலி ஏறக்குறையத் துல்லியமாகவும், அழுத்திய இடங்களில் கரகரப்பாகவும் மாறிக்கொண்டே போகிறது. அந்த மாற்றத்தை நடத்துவது விரலும் கிட்டாரின் வால்யூம் குமிழுமேயாகும். ‘ஹாவ் யூ ஹேர்ட்’ என்ற பாடலின் நடுவில் வரும் தனி வாசிப்பிலோ தந்தியை இழுத்து நிறுத்திய ஸ்வரம், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியாலேயே மீண்டும் அதிரத் தூண்டப்பட்டு, குரலைப்போல் நின்று முழங்குகிறது. மனிதக் குரலுக்கு ஈடாக எலெக்ட்ரிக் கிட்டாரை நிறுத்தவேண்டும் என்ற ஆசை பலருக்கு இருந்தது. அது நிறைவேறியதற்கு இந்தத் தனி வாசிப்பைக் காட்டிலும் நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. ஹம்பக்கரின் மிகுந்த மின்சாரம் வால்வை எல்லைக்குத் தள்ளியது. அதன் மழுங்கிய உச்சஸ்தாயி, அந்த எல்லையில் பிறக்கும் கூர்மையைச் செவிக்கு இதமாக்கியது. ஒன்றின் மிகுதியை மற்றொன்று ஏற்றுக்கொண்ட இந்த நிலையைத்தான் பொருத்தம் என்று சொல்கிறேன்.

வேறு பொருத்தங்களும் உண்டு. ‘ஷேடோஸ்’ குழுவின் ஹாங்க் மார்வின் 1960-இல் ‘அப்பாச்சி’யை வாசித்தபோது, ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச்சுருள் ஒலியும் டார்ட்ஃபோர்டில் செய்த வாக்ஸ் ஒலிபெருக்கியும் சேர்ந்து, கரகரப்பே இல்லாத ஒரு பளபளப்பைத் தந்தன. அதே கம்பெனியின் ஏ.சி.30 என்னும் முப்பது வாட் கருவியைத் தந்தையும் மகனுமாகத் தம் வீட்டிலேயே செய்த கிட்டாரோடு சேர்த்து, இடையில் உச்சஸ்தாயியை உயர்த்தும் சிறு பெட்டியொன்றையும் வைத்து, பிரையன் மே முற்றிலும் வேறான ஒரு நாதத்தை எடுத்தார். 1953-ஆம் ஆண்டு லெஸ் பாலை 1959-ஆம் ஆண்டின் ஃபெண்டர் டீலக்ஸோடு மணம்புரிவித்த நீல் யங்கோ, பதினைந்து வாட்டுக்கு மேற்படாத அச்சிறு பெட்டியைக் கதறவிட்டே பெரிய அரங்குகளை நிரப்பினார். ஆற்றல் குறைந்த அக்கருவி விரைவில் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது என்பதே அவருக்கு வாய்த்த அனுகூலம்.

ஆகவே, புதிதாக வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்க விரும்புகிறவர்கள் வாட்டின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஐந்து வாட்டுக்கும் ஐம்பது வாட்டுக்கும் உள்ள வித்தியாசம், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உரப்பாகத்தான் தோன்றுமேயன்றிப் பத்து மடங்காக அன்று. எண்பத்தைந்து வாட் ட்வின் ரிவெர்ப் போன்ற பெருங்கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் எல்லையை ஒரு நாளும் தொடாமல், வால்வின் பெருமையை அறிந்துவிட்டதாக நினைப்பது வீண். வெளியீட்டுக்கு ஒற்றை வால்வையே கொண்ட ஐந்து வாட் ‘சாம்ப்’ ரகம், அறைக்குள் வாசிப்பவருக்கு அதைவிடப் பன்மடங்கு கற்றுத் தரும். தெளிவான ஒலியே வேண்டுமென்பவர்களுக்கு மட்டும் பெரிய கருவி உகந்தது. அவர்களுக்கு ஒற்றைச்சுருள் பிக்கப்பே சிறந்த துணை. கிட்டாரைத் தம் கையோடு எடுத்துக்கொண்டு போய், விற்பவரின் கிட்டாரில் அன்றித் தம்முடையதிலேயே வாசித்துப் பார்த்தல் வேண்டும். வால்யூம் குமிழைப் பாதியாகக் குறைத்தால் ஒலி தெளிகிறதா, அழுத்தி மீட்டினால் கரகரக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இக்கருவிகளுக்குள்ளே ஓடுவது நானூறு வோல்ட் அளவுக்கு உயர்ந்த மின்னழுத்தம். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அது கண்டென்ஸர்களில் தங்கியிருந்து உயிரை வாங்கக்கூடும். அமெரிக்காவுக்கென்று 117 வோல்டில் செய்த பழைய பெட்டியைத் தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம்முடைய 230 வோல்டில் செருகினால், அது அந்த நிமிஷமே பாழாகும். ஸ்பீக்கரை இணைக்காமல் வாசித்தால் உள்ளிருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகவும் இடமுண்டு. பல்லாண்டுகள் கிடப்பில் இருந்த பெட்டி கைக்கு வருமானால், பின்மூடியை நீங்களே திறக்காமல், வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்து, உலர்ந்துபோன கண்டென்ஸர்களை மாற்றச் சொல்லிவிட்டு, அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள்.