பிளஸ் டூ வரை பொறுக்கச் சொன்ன அறிக்கை

வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு 2007-ல் சில மாநிலங்கள் தடை போட்டது நினைவிருக்கும். அதைத் தொடர்ந்து 2009-ல் வந்தது, வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவின் அறிக்கை. எச்.ஐ.வி., வளரிளம் பருவ மாற்றம் பற்றிய பாடங்களை பிளஸ் டூ உயிரியலுக்குத் தள்ளு. மகான்கள் வரலாற்றைச் சேர். திருமணத்துக்கு முன் உறவு ஒழுக்கக்கேடுன்னு சொல்லிக்கொடு. சாரம் இவ்வளவுதான்.

மகான்களைப் படிப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் 2007 ஆய்வில், 53.22% குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள். தப்பு பெரியவங்களுடையது, உபதேசம் மட்டும் குழந்தைக்கா?

எங்க விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் போகும் பெண்களில் பத்தாவதோடு நின்றவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பாடம் எப்போ?

கர்ப்பத்தடையைப் பெரியார் நாட்டு நலனுக்காகக் கேட்கவில்லை, பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார் ('பெண் ஏன் அடிமையானாள்?'). இந்த அறிக்கையோ பண்பாட்டின் பக்கம் நின்றே பேசுது.

2012-ல் போக்சோ சட்டமும் வந்தாச்சு. புகார் கொடுக்க, நடந்தது என்னன்னு சொல்லக் குழந்தைக்கு வார்த்தை வேணுமே. அதை யார் சொல்லித் தருவது?