பில்லாவும் வல்வில் ஓரியும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், செம்மேட்டில், வல்வில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழாவெடுத்து வில்வித்தைப் போட்டியும் நடத்துகிறார்கள். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். சண்டைப் படம் எடுப்போர் எவரும் பொறாமை கொள்ளத்தக்க காட்சி அது!

ஆயினும் புலவர் அம்போடு நின்றுவிடவில்லை. பாணர்கள் தன்னை இன்னானென்று அறிந்து புகழ்ந்தபோது அவ்வீரன் நாணி நின்றதையும், வேட்டை இறைச்சியோடு தன் மலையின் பொன்னையும் மணியையும் வழங்கியதையும் பாடி முடித்தார். அம்பு அப்பாட்டின் வாயில்; நாணமும் ஈகையுமே அதன் இல்லம்.

பழைய சண்டைப் படங்களைப் புதுக்குவோர்க்கு இஃது ஓர் உரைகல். ‘பில்லா’வை எடுத்துக்கொள்வோம். சலீம் கானும் ஜாவேத் அக்தரும் எழுதிய ‘டான்’ என்னும் இந்திப் படம் 1978இல் வெளிவந்தது. 1980இல் ரஜினிகாந்த் நடிக்க, ஆர். கிருஷ்ணமூர்த்தி அதைத் தமிழில் ‘பில்லா’வாக்கினார். கடத்தல் கூட்டத் தலைவன் இறந்துவிட, அவனை உருவில் ஒத்த எளியவன் ஒருவனை அவனிடத்தில் அனுப்பிவைக்கிறார் காவல் அதிகாரி. அந்த இரகசியம் அவரிடம் மட்டுமே அமானிதமாக இருக்கிறது. அவரும் இறந்துவிடுகிறார். இனி, ‘நான் அவனல்லன்’ என்று அவ்வெளியவன் கதறினால், அல்லாஹ்வையன்றிச் சாட்சி யார்? இவ்வினாவே கதையின் உயிர்.

2007இல் விஷ்ணுவர்தன், அஜித் குமாரைக் கொண்டு இதனைப் புதுக்கினார். மலேசியக் களமும், நிரவ் ஷாவின் ஒளிப்பதிவும், யுவன் சங்கர் ராஜாவின் இசையும் கண்ணையும் செவியையும் கவர்ந்தன. காலத்துக்கேற்ற கோலம் குற்றமன்று. எளியவன் வந்து சேர்வதற்குள் கடத்தற்காரனின் கறுப்புடையும் நடையும் நம் பிள்ளைகளின் நெஞ்சில் குடியேறிவிட்டன என்பதே குறை. அதற்கு முந்தைய ஆண்டில் ஜாவேத் அக்தரின் மகன் ஃபர்ஹான் அக்தர் இந்தியில் எடுத்த ‘டான்’, இறுதிவரை எஞ்சி நிற்பவன் கடத்தற்காரனே என்று முடிந்தது. 2012இல் வந்த ‘பில்லா 2’ கடத்தற்காரன் வளர்ந்த கதையை மட்டுமே சொல்லிற்று. எளியவனுக்கு அங்கே இடமேயில்லை.

புதுக்குதல் நமக்குப் புதிதன்று. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் நிலத்தின் மழையோடும் ஆற்றோடும் வயலோடும் பாடினார். கோலம் தமிழாயிற்று, கொண்ட பொருள் பிறழவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

திரையிற் கண்ட வீரனைப் போல் நடந்து பார்ப்பது இளமையின் இயல்பு. எனவே யாரை வீரனாகக் காட்டுகிறோம் என்பது நம் இல்லங்களைத் தொடும் வினா. இக்கதையை இனித் தொடுவோர், சாட்சியற்று நிற்கும் அந்த எளியவனின் கதறலைச் செவிமடுத்த பின் துப்பாக்கியைத் தேடட்டும்.