பெரிய ஆட்டத்தை விடுங்கள், லீக் பாருங்கள்: கொல்கத்தா கால்பந்தை ரசிப்பது எப்படி?

கொல்கத்தாவின் பவானிபூரிலும் அதற்குத் தெற்கே லேக் மார்க்கெட் பக்கமும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அந்த ஊருக்குப் புதிதாக வேலைக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகளும் ஆறு மாதத்தில் மீன் பேரம் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், ஒரு வருஷத்தில் துர்கா பூஜைப் பந்தல்களுக்குத் தரவரிசை போடுகிறார்கள். கால்பந்து என்று வந்தால் மட்டும் நள்ளிரவில் கண்விழித்து இங்கிலாந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். மெட்ரோ ஏறினால் சில நிமிடங்களில் வந்துவிடும் மைதானத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தூரம் என்று சாக்கும் சொல்ல முடியாது. 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் ஓடியதே எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையில்தான். அந்தப் பவானிபூர் நிலையம்தான் இன்றைய நேதாஜி பவன்.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடலாம். மூன்று பெரிய கிளப்புகள். 1889இல் தொடங்கிய மோகன் பகானுக்குப் பச்சையும் மெரூனும். 1891இல் தொடங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குக் கறுப்பு வெள்ளை. 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலுக்குச் சிவப்பும் தங்க நிறமும். வென்றால் 3 புள்ளி, சமனானால் 1. கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழமையானது. ஆஃப்சைடு விதியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அடுத்து, எதை ஒதுக்க வேண்டும் என்பது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா, மோகன் பகான் வென்றால் இறால் என்று ஆண்டுதோறும் ஒரே கட்டுரையை எழுதும் சாப்பாட்டுப் பக்கத்து நிபுணர்கள் முதலில். மீன் விலை உண்மையிலேயே ஏறும், அதை மறுக்கவில்லை. ஆனால் மீனை மட்டும் தெரிந்துகொண்டவருக்குக் கால்பந்து தெரியாது. அடுத்து, இரு அணிகளும் மோதும் ஆட்டத்தை ‘யுத்தம்’, ‘மகா யுத்தம்’ என்று விளம்பரம் எழுதுகிறவர்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இந்த இரண்டு அணிகளின் லீக் ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் தேதி தெரிந்த யாரும் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக எழுத மாட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கோப்பை வெற்றி வேறு, லீக் வெற்றி வேறு. கோப்பை என்பது சில நாள் உச்சம். லீக் என்பது மழை, சேறு, காயம், சோம்பல், நடுவரின் தவறு எல்லாவற்றையும் தாண்டி ஒரு பருவம் முழுக்க நிற்பது. கொல்கத்தாவே இந்த வித்தியாசத்தை அரைகுறையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

1911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையின் இறுதியாட்டம். எதிரணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு. முதல் கோல் அவர்களுடையது. பிறகு தலைவர் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த கோல்களில் மோகன் பகான் 2-1 என்று வென்றது. அணியில் பூட்ஸ் அணிந்திருந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான், மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலில் ஆடினார்கள். கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைச் சொன்னார்கள். இந்தக் கதை எந்தக் கல்நெஞ்சையும் உருக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள். அரையிறுதியின் மறு ஆட்டத்தையும் சேர்த்து மோகன் பகான் ஷீல்டுக்காக ஆடியது ஆறே ஆட்டங்கள். அதே கிளப் லீக்கை முதல்முறை வென்றது 1939இல். நடுவில் 28 ஆண்டுகள்!

அந்த இடைவெளிக்குள் நடந்த கதையைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்தது. வந்த முதல் ஆண்டிலேயே லீக் சாம்பியன். அதற்கு முன் எந்த இந்திய கிளப்பும் அந்த லீக்கை வென்றதில்லை. அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. எப்படி? லீக் நடப்பது மழைக்காலத்தில். காய்ந்த தரையில் வெறுங்கால்காரர் வெள்ளைக்காரரைச் சுற்றிவருவார், தரை நனைந்ததும் வழுக்கி விழுவார். முகமதன்காரர்கள் ஈரத்தில் ஆட பூட்ஸைப் பழகிக்கொண்டார்கள். பெங்களூர் உள்ளிட்ட வெளியூர்களிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேடித்தேடிக் கூட்டிவந்தார்கள். ஒருநாள் ஆவேசத்துக்குப் பூட்ஸ் தேவையில்லாமல் இருக்கலாம். ஒரு பருவத்துக்கு அது இல்லாமல் முடியாது. 1911க்குச் சிலை உண்டு, பாட்டு உண்டு, சினிமா உண்டு. 1934க்கு அதில் பாதிகூட இல்லை. விளையாட்டுச் சரித்திரம் எழுதியவர்களுக்குப் புள்ளிப் பட்டியல் படிக்கச் சோம்பல் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இன்னும் சந்தேகமிருந்தால் 1977ஐப் பாருங்கள். பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸை ஈடன் கார்டனில் மோகன் பகான் 2-2 என்று நிறுத்தியது. அதே பருவத்தில் ஷீல்டு, டுராண்ட், ரோவர்ஸ் ஆகிய மூன்று கோப்பைகளையும் வென்றது. ஊரே கொண்டாடியது, சரி. அந்த ஆண்டு லீக் யாருக்குப் போனது என்று எந்த மோகன் பகான் ரசிகரிடமாவது கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார். ஈஸ்ட் பெங்காலுக்கு!

இது கொல்கத்தாவின் வியாதி மட்டுமல்ல. கென்யாவின் கோர் மாஹியா 1968இல் உருவான கிளப். 1987இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்றோர் கோப்பையை வென்று நாட்டையே தெருவுக்கு இழுத்துவந்தது. துனீசியாவின் எஸ்பெரான்ஸுடன் அங்கே 2-2, நைரோபியில் 1-1. வெளியூரில் அடித்த கோல் அதிகம் என்ற விதிதான் கோப்பையைத் தந்தது. இன்றும் நைரோபியில் பேச்சு அதைப் பற்றித்தான். ஆனால் அதே கிளப் 2015இல் ஒரு லீக் பருவம் முழுவதையும் தோல்வியே இல்லாமல் முடித்தது. இரண்டில் எது கடினம் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டால் இன்றைய செய்தியும் வேறு மாதிரித் தெரியும். 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் வளைத்து அடித்த ஒரு கோலில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை வென்றது. நான்கரை ஆண்டுக்குப் பிறகு கிடைத்த வெற்றி, நம்மூர்க் காலில் வந்தது. பெருமைப்பட வேண்டிய கோல், சந்தேகமில்லை. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையையும் ஈஸ்ட் பெங்கால் வென்றது. அதே பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) அதற்குக் கிடைத்த இடம் ஒன்பதாவது. முதலிடம் மோகன் பகானுக்கு. அப்போது ஐ.எஸ்.எல்.லில் லீக்கில் முதலிடம் பிடித்தவருக்குத்தான் ஷீல்டு, பிறகு நடந்த நாக் அவுட்டில் வென்றவருக்குக் கோப்பை. மோகன் பகான் 2023-24இல் ஷீல்டை வென்று கோப்பையை மும்பையிடம் விட்டது. 2024-25இல் இரண்டையும் வென்றது. 2022-23இல் லீக்கில் மூன்றாம் இடம், ஆனால் கோப்பை கையில். இந்த மூன்று பருவங்களில் எது தாழ்ந்தது என்று கேட்டால் தயங்காமல் 2022-23 என்று சொல்லலாம்.

பெரிய ஆட்டங்களைப் பார்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். பாருங்கள், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தன் ‘டயமண்ட்’ வியூகத்தில் மிதந்துகொண்டிருந்தார். எதிரணியின் பாய்ச்சுங் பூட்டியாவை ‘சுங் சுங்’ என்றும், கென்யத் தடுப்பாட்டக்காரர் சாமி ஓமோல்லோவை ‘ஆம்லெட்’ என்றும் கிண்டலடித்தார். எதிரே பயிற்சியாளர் பி.கே. பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால். பாய்ச்சுங் மூன்று கோல் அடித்தார், முடிவு 4-1. அருமையான கதைதான். ஆனால் லட்சம் பேரின் கூச்சலில் புதியவருக்கு ஆட்டம் தெரியாது, கூட்டம்தான் தெரியும்.

தொடங்க வேண்டிய இடம் சின்ன கிளப்புகள். பவானிபூர்காரருக்குச் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது. 1910இல் தொடங்கிய பவானிபூர் எஃப்.சி. 2020இல் இரண்டாம் டிவிஷன் ஐ-லீக்கில் முகமதனுக்கு அடுத்த இடம் பிடித்தது. கல்கத்தா லீக்கில் பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இத்தகைய சின்ன கிளப்புகளின் வேலை. 2019இல் பீர்லெஸ் அந்த லீக்கை வென்றபோது, 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே வென்றதற்குப் பிறகு மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே ஒரு சாம்பியன் வர 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய கிளப்புகள் இப்போது இந்த லீக்குக்கு இளையவர்களை அனுப்புகின்றன, அதனால் தரம் குறைந்துவிட்டது என்று விமர்சகர்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் கேலரிக்கு வருகிறார்கள் என்று கேட்டால் அமைதிதான் பதில்.

கேலரிக்குப் போனதும் பந்தைத் துரத்தாதீர்கள். முதல் இருபது நிமிடம் ஒரே ஒரு பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரரை மட்டும் பாருங்கள். ஆட்டம் முடியும் நேரத்தில், சேற்றில் கால் கனத்த பிறகும் அவர் மேலே ஏறி, திரும்ப ஓடி வருகிறாரா? வருகிறார் என்றால் அந்த அணி பட்டியலில் மேலே போகும். 3-0 என்று முன்னிலையில் இருக்கும் அணி நான்காவது கோலுக்கு அலைகிறதா என்று பாருங்கள். கோல் வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. வீட்டுக்கு வந்ததும் புள்ளிப் பட்டியலைப் படியுங்கள். கடைசி இரண்டு இடங்களையும் சேர்த்துப் படியுங்கள். ரகசியமாக ஒன்று: பழைய ரசிகர்கள் உங்களை மதிக்கத் தொடங்குவது நீங்கள் ஜெர்சி வாங்கிய அன்றல்ல, எட்டாம் இடத்து அணியின் கோல் காப்பாளர் பெயரைச் சொன்ன அன்று.

கிளப் மைதானங்கள் ராணுவத்தின் நிலத்தில் இருப்பவை, அதனால் அங்கே பெரிய கான்கிரீட் அரங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். பல ஆட்டங்கள் இப்போது கல்யாணி, நைஹாட்டி, பாரக்பூரிலும் நடக்கின்றன. அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டம் பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கும். மழை நிச்சயம் வரும். குடை வேண்டாம், பின்வரிசை திட்டும். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.